மயக்கம் கொடுக்கும் முன் குற்றாலத்தைப் பற்றிக் கேட்ட மருத்துவருக்கு

அன்புடையீர்,

அந்த இரவில் எங்களோடு மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்கு நடந்ததை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. பிரசவத்தில் அளவுக்கு மீறி இரத்தம் போய் உயிருக்குப் போராடிய என் மனைவி நேற்று வீடு திரும்பிவிட்டாள்; குழந்தையும் நலம்.

இந்த மடலின் பெரும்பகுதி மயக்கவியல் மருத்துவர் அம்மாவுக்கு உரியது. இரவு இரண்டு மணிக்கு மேல் வெளியே வந்தவர், தலையில் இருந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று விளக்கினார். அவ்வளவு இரத்தம் போன பிறகும் இரத்த அழுத்தம் ஓரளவு தாங்கியதற்குக் காரணம், உடல் தன் இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்ததுதானாம். பால்போல் வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை வழக்கமான அளவில் ஏற்றினால் அந்தப் பிடி தளர்ந்து அழுத்தம் சரியும், இதயத்துக்கே போதிய இரத்தம் கிடைக்காமல் போகும் என்பதால் அவர் கெட்டமைன் என்ற வேறொரு மயக்க மருந்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். 1962-இல் உருவாக்கப்பட்டு, வியட்நாம் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் பயன்பட்ட அந்த மருந்து, உடலில் மிச்சமிருக்கும் அட்ரினலின் போன்ற சுரப்புகளை உசுப்பி அழுத்தத்தைத் தாங்கும். அந்தச் சுரப்பும் வற்றிவிட்டால் அதே மருந்து இதயத்தைத் தளர்த்திவிடும் என்பதால், அதையும் குறைத்தே கொடுத்தாராம். ஏற்றும் இரத்தம் பையில் உறையாமலிருக்கக் கலந்திருக்கும் சிட்ரேட், இதயத் தசை சுருங்கத் தேவையான கால்சியத்தைக் கட்டிவிடும் என்பதற்காக இடையிடையே கால்சியமும் செலுத்தியிருக்கிறார்கள். எழும்போது, "விழிக்கையில் ஏதாவது சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், பயந்துவிடாதீர்கள், மெதுவாகப் பேசுங்கள்" என்றார்.

சொன்னபடியே, கண் விழித்தவள் என்னிடம் கேட்டது குழந்தையை அல்ல. "துண்டு எங்கே? தலையெல்லாம் ஈரம்" என்றாள். முன்கூட்டித் தெரியாமல் இருந்திருந்தால் நான் அலறியடித்துக்கொண்டு ஓடியிருப்பேன். ஈரமே இல்லாத தலையைத் துவட்டிவிட்டேன்.

மருத்துவர் சொல்லாமல் விட்டதை மறுநாள் அவளே சொன்னாள். மருந்து ஏற்றும் முன், "உனக்கு ரொம்பப் பிடிச்ச ஊர் எதும்மா?" என்று கேட்டு, குற்றாலம் என்றதும், ஐந்தருவியா மெயின் அருவியா, சாரலில் போனாயா என்று அவள் கையைப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருந்தாராம். கெட்டமைன் சிலருக்குக் கொடுங்கனவுகளைத் தரும் என்பதும், நல்ல நினைவோடு தூங்கினால் கனவும் நல்லதாக அமையக்கூடும் என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு நொடியும் வீணாக்க முடியாத அந்த நேரத்தில், இதயத்தைக் காக்கும் கணக்கோடு கனவையும் சேர்த்து யோசித்த மனத்தை நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

நள்ளிரவில் ஓடிவந்து இரத்தம் கொடுத்த முகம் தெரியாத தம்பிகள், செவிலியர்கள், இரத்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு படியேறிய ஊழியர்கள், வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா ஆகிய எல்லோருக்கும் எங்கள் வணக்கம். ஊசி என்றாலே ஒதுங்கும் நான், வரும் ஞாயிறு முதல் முறையாக இரத்தம் கொடுக்கப் பெயர் பதிந்திருக்கிறேன். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பேன்.

நன்றியுடன்,
குழந்தையின் அப்பா