நடைபாதைக்கு முன் நீர்வரத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு நகரங்களில் குடியிருப்போர் சங்கங்களும் நடைப்பயிற்சிக் குழுக்களும் பூங்காக்களையும் ஏரிக்கரைகளையும் தாமே முன்வந்து சீர்ப்படுத்துவதைப் பாராட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அம்முயற்சிகளில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. ஆயினும் கட்டுரையுடன் வந்த படங்களில் பேவர் பிளாக் பதித்த நடைபாதையும், வண்ணம் பூசிய இருக்கைகளும், நன்கொடையாளர் பெயர்ப் பலகையும் இருந்தனவே தவிர, அந்த ஏரிக்குத் தண்ணீர் எவ்வழியே வருகிறது என்பதைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. இதே பணியில் பெங்களூரு மக்கள் சில பாடங்களை அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவற்றை ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள வாசகர்கள் இலவசமாகவே பெற்றுக்கொள்ளலாம்.

இங்கே ஜே.பி. நகர் ஏழாம் கட்டத்தை ஒட்டியுள்ள புட்டேனஹள்ளி ஏரி, சுமார் 13 ஏக்கர் பரப்பே உடையது. சுற்றுப்புற மக்கள் 2010ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, மறு ஆண்டே மாநகராட்சியுடன் எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்துகொண்டு அதன் பராமரிப்பை ஏற்றார்கள். தூர் வாரியாயிற்று, கரையைப் பலப்படுத்தியாயிற்று, மரக்கன்றுகளும் நட்டாயிற்று. ஆனால் சுற்றிலும் எழும்பிய கட்டடங்களும் சாலைகளும் பழைய வரத்துக்கால்வாய்களை மறித்துவிட்டிருந்தமையால், ஏரியில் நிற்பதற்குத் தண்ணீர் போதவில்லை. மழைநீரை ஏரிக்குத் திருப்பவும், பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் சுத்திகரிக்கப்படும் நீரைக் கொண்டுவரவும் அவர்கள் பட்ட பாடு, மற்ற எல்லா வேலைகளையும்விடப் பெரிது. அந்த வேலைக்கு யாரும் நாடா வெட்டுவதில்லை என்பதும் உண்மையே.

ஏரிகள் தனித்தனியே இருப்பவையல்ல. சர்ஜாபூர் சாலையில் உள்ள கைக்கொண்டனஹள்ளி ஏரி நிரம்பினால் தண்ணீர் சௌல் கெரே என்னும் ஏரிக்கும், அங்கிருந்து பெல்லந்தூர் ஏரிக்கும் போகும். இவற்றை இணைக்கும் ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயில் எங்கோ ஓரிடத்தில் கழிவுநீர் கலந்தால், கீழேயுள்ள கரையில் எத்தனை மரங்கள் நட்டும் பயனில்லை. ஆகவே, தூர் வாருவதற்கு வசூல் தொடங்குமுன் குழுவினர் மழை பெய்யும் நாளொன்றில் கால்வாயை அது தொடங்கும் இடம் வரை நடந்து பார்த்து வரட்டும். அடைப்பு எங்கே, சாக்கடை எங்கே சேர்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். பெங்களூருவின் ஜக்கூர் ஏரியில் கழிவுநீர்ப் பிரச்சினையைச் சரியாகக் கையாண்டிருக்கிறார்கள். அங்கே சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர், கோரையும் சம்பும் வளர்ந்த சதுப்பு நிலம் ஒன்றின் வழியே வடிந்த பிறகே ஏரியைச் சேர்கிறது.

அதே ஜக்கூரில் மீன் பிடிப்போரும், மாட்டுக்குப் புல் அறுப்போரும் ஏரியை விட்டு விலக்கப்படவில்லை. இது பல குழுக்களுக்கு உறைப்பதில்லை. சீரமைப்பு என்றவுடன் கம்பிவேலி போட்டு, வாயிற்கதவு வைத்து, காலை மாலை நடப்பவர்களுக்காகப் பூட்டுத் திறக்கும் நேரம் எழுதிவிடுகிறார்கள். பெங்களூருவின் பூங்காக்கள் பலவும் நெடுங்காலம் நண்பகலில் பூட்டியே கிடந்தன. வெயில் நேரத்தில் நிழல் தேடி வரும் கூலித் தொழிலாளிக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் அவை இருந்தும் இல்லாதவையே. ஏரியை நெடுநாளாகப் பயன்படுத்தி வருபவர்களைக் குழுவில் சேர்த்துக்கொண்டால், அவர்களே நாள்தோறும் காவலும் இருப்பார்கள்.

கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதிப்பதும் நல்லதன்று. ஆழமில்லாத ஓரங்களில்தான் நாரையும் உள்ளானும் இரை தேடுகின்றன. அந்த ஓரத்தை இழந்த ஏரி, தண்ணீர் நிற்கும் தொட்டியாகிவிடுகிறது. மரத் தேர்விலும் கவனம் தேவை. சீக்கிரம் பச்சையாகத் தெரிகிறது என்பதற்காகப் பூங்காதோறும் நட்ட கோனோகார்பஸை இனி நட வேண்டாமென்று தமிழக அரசே 2025இல் தடை விதித்தது. சில இடங்களில் எதுவும் நடாமல் விடுவதே சிறந்த பராமரிப்பு. பெங்களூருவின் தெற்கே துரஹள்ளிப் புதர்க்காட்டில் மரப் பூங்கா அமைக்க வனத்துறை முனைந்தபோது, 2021ஆம் ஆண்டில் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். காடு காடாகவே இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. பாறையும் முட்புதரும் மண்டிய நிலத்தை வெறும் தரிசு என்று கருதும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது.

இறுதியாக, எழுத்து மூலமான உரிமை பற்றி ஒரு சொல். சிறு நகரங்களில் ஆணையரின் வாய்மொழி அனுமதியே போதுமென்று வேலையைத் தொடங்குகிறார்கள். அவர் மாறுதலாகிப் போனதும் அனுமதியும் போய்விடுகிறது. அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு, மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகையுள்ள ஊர்களுக்கே வார்டு குழுவைக் கட்டாயமாக்குகிறது. எனினும் தமிழ்நாட்டில் 2022 முதல், வார்டின் ஒரு பகுதியில் வாழும் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. பராமரிப்பு யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுகளுக்கு, செலவில் நகராட்சியின் பங்கு என்ன என்பவற்றை அக்கூட்டத்தில் எழுப்பிப் பதிவு செய்யலாம். மக்கள் ஒரு பங்கு தர மீதியை அரசு ஏற்கும் நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பிக்கும் குழுக்கள், நடைபாதைக்குக் கேட்கும் தொகையை வரத்துக்கால்வாய்க்குக் கேட்டால் என்ன? அவ்வாறு கேட்டுப் பெற்ற ஊர் ஏதேனும் இருந்தால், தங்கள் அடுத்த கட்டுரையில் அதன் விண்ணப்ப விவரங்களையும் செலவுக் கணக்கையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு.