மாலர் பத்தில் எதைக் கேட்பது?

அன்புள்ள சந்துரு,

நலம்தானே? ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலர் முடிக்காமலே இறந்துபோன பத்தாவது சிம்பொனியை 'முடித்தவர்கள்' இத்தனை பேர் இருக்கிறார்களே, யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். முதலில் 'முடித்த' என்ற சொல்லையே நம்பாதே. 1910 கோடையில் டோப்லாக்கில் அவர் எழுதிய தாள்களில் ஐந்து மூவ்மெண்டும் (சிம்பொனியின் பகுதிகள்) தொடக்கத்திலிருந்து கடைசி வரை இருக்கின்றன. புரூக்னரின் ஒன்பதாவது சிம்பொனி மாதிரி கடைசி மூவ்மெண்டில் தாள் தொலைந்து போன கதை இல்லை. முதல் இரண்டு மூவ்மெண்டும், மூன்றாவதன் தொடக்கமும் ஆர்கெஸ்ட்ரா ஸ்கோராகவே, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்கும் என்று பிரித்து எழுதியதாகவே, கிடைத்தன. மீதி எல்லாம் வாத்தியம் பிரிக்காமல் நாலு வரிசையில் எழுதிய ஸ்கெட்ச். சில இடங்களில் மேலே ஒற்றை மெலடி மட்டும் ஓடும், அடியில் ஒன்றுமில்லை. சண்டை எல்லாம் அந்த இடங்களில்தான்.

'முடித்தவர்களில்' ஒருவரான இங்கிலாந்து இசையறிஞர் டெரிக் குக் அங்கே கையைக் கட்டிக்கொள்கிறார். ஒலி சற்று வெறுமையாகவே விழும். தன் வேலைக்கு அவர் வைத்த பெயரே 'வரைவின் நிகழ்த்து வடிவம்'. மாலரின் மனைவி ஆல்மா முதலில் தடை போட்டு, 1963இல் ஒலிப்பதிவைக் கேட்டபின் விலக்கிக்கொண்டார். 1964 ஆகஸ்ட் 13இல் லண்டனில் முழுதாக அரங்கேறியது. வாங்குவதானால் 1976இல் அச்சான ஸ்கோரை வாங்கு. பக்கத்தின் அடியில் மாலரின் ஸ்கெட்ச் இருக்கிறது, குக் எதைச் சேர்த்தார் என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

இன்னொருவரான கார்ப்பெண்டர் நேர் எதிர். காலி இடம் கண்டால் புதிதாக எதிர்மெலடி (கூடவே ஓடும் இன்னொரு மெலடி) எழுதிவிடுவார், மாலருடைய மற்ற சிம்பொனிகளின் சாயலையும் இழுத்து வருவார். கேட்க நிறைவாக இருக்கும், ஆனால் யார் பேசுகிறார் என்பது மங்கிவிடும். மற்றொருவரான பார்ஷாயின் வடிவத்தில் தாளவாத்தியம் தாராளம். எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. வீலர் என்பவரின் வடிவம் குக்கைவிடவும் சிக்கனம்.

சோதித்துப் பார்க்க ஒரே இடம் போதும்: நாலாவதன் முடிவும் ஐந்தாவதன் தொடக்கமும். அங்கே டிரம் அடி விழும். 1908இல் நியூயார்க்கில் ஒரு தீயணைப்பு வீரரின் இறுதி ஊர்வலத்தில் கேட்ட டிரம் அடி அது என்று ஆல்மா எழுதியிருக்கிறார். மாலர் கேட்பது முழுக்க மூடி அமுக்கிய டிரம். பல கண்டக்டர்கள் பேஸ் டிரம்மைப் பீரங்கியாக வெடிக்க விடுகிறார்கள். திடுக்கிடுவோம், துக்கம் வராது. குக் ஸ்கோரில் நாலாவது ஓர் அடியில் முடிந்து ஐந்தாவது இன்னோர் அடியில் தொடங்கும்; கண்டக்டர் சைமன் ராட்டில் தன் பெர்லின் பதிவில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். இடைவெளி விடாமல் வாசிக்கும்போது அதுதான் சரி என்று படுகிறது.

முதல் மூவ்மெண்டான அடாஜியோவில் ஒன்பது சுரக் கார்டு (ஒன்பது சுரமும் ஒரே நேரத்தில் ஒலிப்பது) வெடித்து, டிரம்பெட் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அது ஐந்தாவதில் திரும்ப வரும். பலர் அடாஜியோவை மட்டும் வாசித்து நிறுத்திவிடுவதால் இந்தக் கணக்கு தீராமலே போகிறது. கடைசிப் பக்கங்களை மாலர் முதலில் பி ஃபிளாட் ஸ்கேலில் எழுதி, பிறகு எஃப் ஷார்ப்புக்கு மாற்றினார். அடாஜியோவின் ஸ்கேலும் அதுதான்.

ராட்டிலில் தொடங்கு, பார்ஷாயைப் பிறகு போடு. கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
ராகவன்