மூர்த்திக்கு, கேமரா வாங்கும் முன்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குச் சோம்பல் பாதிக் காரணம், உன் ஹார்ட் டிஸ்க் மீதிக் காரணம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. சேது இன்னும் அதே சேதுதான், புதிதாக எழுத ஒன்றுமில்லை.

தோள்பட்டைக்கு டாக்டர் சொன்னதை ஒரு பாராவில் எழுதிவிட்டு, அடுத்த பாராவிலேயே “ஹம்பி, பாதாமி போகிறோம், லேசாக ஒரு ஃபுல் ஃபிரேம் சொல்லு” என்று கேட்கிறாயே, உன்னை என்ன செய்வது? ஃபுல் ஃபிரேம் என்றால் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் (படம் பதிகிற சில்லு) வைத்த கேமரா. லேசான ஃபுல் ஃபிரேம் என்பது நெய் இல்லாத மைசூர்பாகு. கடையில் பாடியை மட்டும் கையில் கொடுத்து “பாருங்க சார், எவ்வளவு லேசு” என்பான். உண்மைதான். சோனி ஏ7சி 2 பேட்டரி, கார்டு சேர்த்து 514 கிராம். அதில் 24-70 எஃப் 2.8 ஜிஎம் 2 லென்ஸை மாட்டிப் பார், லென்ஸ் மட்டும் 695. ஆக 1,209 கிராம் கழுத்தில். சென்சார் பெரிதானால் அது முழுவதையும் நிரப்பும் வட்டமும் பெரிதாக விழவேண்டும், அதற்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி கனக்கும். பாடியைச் சுருக்க முடிந்த அளவுக்கு லென்ஸைச் சுருக்க முடிவதில்லை. அதனால் எந்தக் கேமராவைப் பார்த்தாலும், மாட்டப்போகிற லென்ஸோடு கூட்டிப் பார்.

உன் பழைய பையையும் காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். நிகான் டி7000 கேமரா பேட்டரியோடு 780. 18-140 லென்ஸ் 490. 70-300 லென்ஸ் 745. எஸ்பி-700 ஃபிளாஷ், நாலு பென்சில் செல்லும் போடாமலே 360. மொத்தம் 2,375 கிராம். பை, சார்ஜர், தண்ணீர் பாட்டில் எல்லாம் தனி. ஒன்றைக் கவனி: உன் டி7000-ன் எடையை 690 என்றும் போட்டிருப்பான், 780 என்றும் போட்டிருப்பான். முதலாவது பேட்டரியும் கார்டும் இல்லாமல். இரண்டு கேமராக்களை ஒப்பிடும்போது ஒன்றின் வெறும் எடையையும் இன்னொன்றின் முழு எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏமாறாதே. சந்தேகம் வந்தால் சமையலறைத் தராசு இருக்கிறது.

இப்போது ஹார்ட் டிஸ்க். நீ என்னிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்தது. முழுவதையும் லைட்ரூம் என்ற படம் அடுக்கும் மென்பொருளில் ஏற்றினேன். லைப்ரரியில் மேலே மெட்டாடேட்டா ஃபில்டர் இருக்கிறதே, அதில் ஒரு பத்தியை ஃபோக்கல் லெங்த் என்று மாற்றினால் எந்த மில்லிமீட்டரில் எத்தனை படம் என்று வரிசையாகக் கொட்டிவிடும் (எண் சின்னதானால் அகலமான காட்சி, பெரிதானால் தூரத்தை இழுக்கும்). கேமரா வாங்கப்போகிற யாரும் விமர்சனம் படிப்பதற்கு முன் செய்யவேண்டியது இந்த வேலையைத்தான். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்ததையெல்லாம் கழித்த பிறகு உன்னிடம் மிஞ்சியது 4,218 படம். அதில் 18 மி.மீ.-ல் மட்டும் 1,730. பத்தொன்பதிலிருந்து 35 வரை 1,204. அதற்கு மேல் 70 வரை 611. எழுபதுக்கும் 140-க்கும் நடுவில் 402. அந்த 745 கிராம் பூதத்தால் 140-க்கு மேல் எடுத்தது 271, அதிலும் பெரும்பகுதி ஒரே மீன்கொத்தி. (எந்த மீன்கொத்தி என்று நான் சொல்லவேண்டாம்.) ஃபிளாஷ் அடித்த படம் நாலு.

ஆக நூற்றுக்கு எழுபது படம் 18-லிருந்து 35-க்குள். அதைவிட முக்கியம், அந்த 1,730 ஒரே எண்ணில் குவிந்து கிடப்பது. லென்ஸின் ஒரு முனையில் படங்கள் இப்படிக் குவிந்தால், ஜூம் வளையம் முட்டி நின்ற பிறகும் கை இன்னும் திருப்பப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். உனக்கு வேண்டியது கொஞ்சம் இன்னும் அகலம், தூரம் இல்லை. டி7000-ன் சென்சார் சின்னது, அதனால் அதில் 18 என்பது ஃபுல் ஃபிரேம் கணக்கில் 27. புது லென்ஸ் 16-ல் தொடங்கினால் அது 24 ஆகும். காகிதத்தில் மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் ஹம்பிக் கல்ரதத்துக்கு முன்னால் நின்று பின்னால் நகர இடமில்லாதபோது தெரியும் வித்தியாசம். கல்ரதத்தை நீ எடுத்தே ஆகவேண்டுமா என்பது வேறு விஷயம். ஐம்பது ரூபாய் நோட்டிலேயே இருக்கிறது.

நீ கேட்ட பெயர்களைப் பார்ப்போம். ரிக்கோ ஜிஆர் 3 சட்டைப்பைக்குள் போகும், 257 கிராம், சென்சார் உன் டி7000 அளவே. ஃபுல் ஃபிரேம் கணக்கில் 28 மி.மீ. என்ற ஒரே கோணம், அதுவும் உன் கணக்குக்குப் பொருத்தம். எனக்கே ஆசைதான். ஆனாலும் உனக்கு வேண்டாம் என்பேன். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது, ஹம்பிப் பாறையில் பன்னிரண்டு மணி வெயிலில் திரையில் உன் முகம்தான் தெரியும். பேட்டரி 200 படத்துக்கு. உள்ளிழுக்கிற லென்ஸ், தூசி மழைக்கு ரப்பர் அடைப்பு இல்லை. ஒவ்வொரு தடவை நீண்டு சுருங்கும்போதும் காற்றோடு புழுதி உள்ளே போய் சென்சாரில் உட்காரும். லென்ஸ் கழற்ற முடியாததால் நீயாக ஊதிவிடவும் முடியாது, சர்வீஸ் சென்டர்தான் கதி. செம்மண் ஊருக்கு அதைக் கொண்டுபோவது வெள்ளை வேட்டியோடு வயலில் இறங்குவது மாதிரி.

சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, 302 கிராமில், அதே கணக்கில் 24-லிருந்து 200 வரை. மேலே எழும்பும் சின்ன வியூஃபைண்டர் உண்டு. பகலில் அற்புதம். ஆனால் சென்சார் 13.2-க்கு 8.8 மி.மீ., உன் பழைய கேமராவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குப் பரப்பு. பாதாமிக் குகைக்குள் அது மூச்சு வாங்கும். ஓஎம் சிஸ்டம் கம்பெனியின் ஓஎம்-5 பாடி 414, 12-45 எஃப் 4 லென்ஸ் 254, ஆக 668. இரண்டுமே தூசி மழை தாங்கும், கை நடுக்கத்தையும் நன்றாக அடக்கும். இது நல்ல தேர்வு. ஆனால் மெனுவையும் பட்டன்களையும் முதலிலிருந்து கற்கவேண்டும், உன் பொறுமை எனக்குத் தெரியும்.

என் தீர்ப்பு நிகான் இசட்50 வகை. பழைய இசட்50 பேட்டரி, கார்டோடு 450 கிராம். புது இசட்50 2, 550. நூறு கிராம் கூடுதலுக்கு முகத்தைப் பிடிக்கும் ஃபோக்கஸ் நன்றாகத் தேறியிருக்கிறது, போன் சார்ஜரான யுஎஸ்பி-சி-யிலேயே சார்ஜ் ஆகும். பழையதில் மைக்ரோ யுஎஸ்பி, அந்த ஒயரைத் தேடி வீட்டையே கவிழ்ப்பாய். லென்ஸ் 16-50, வெறும் 135 கிராம். அதன் மவுண்ட் (கேமராவில் மாட்டும் வளையம்) பிளாஸ்டிக், சுருட்டி வைத்திருப்பதைத் திருகித் திறந்தால்தான் படம் எடுக்கும். இரண்டும் குறைதான், எடையைப் பார்த்து மன்னிக்கலாம். புதிய பாடியோடு 685 கிராம். உன் பழைய 70-300-ஐவிட அறுபது கிராம் குறைவு, கேமராவும் சேர்த்து!

உடனே “என் பழைய லென்ஸெல்லாம் அடாப்டரில் மாட்டலாமே” என்பாய். மாட்டலாம். எஃப்டிஇசட் 2 அடாப்டர் 125 கிராம் பக்கம், 18-140 490. எதற்காகப் புதுசு வாங்கினோம் என்ற கேள்வி வந்துவிடும். உன் செல்லம் 50 எஃப் 1.8டி லென்ஸ் இருக்கிறதே, அது டி7000-ன் உள்ளே இருக்கும் மோட்டார் திருகித்தான் ஃபோக்கஸ் ஆகிறது. அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. கையால்தான் ஃபோக்கஸ் செய்யவேண்டும். வாங்கிய பிறகு என்னைத் திட்டாதே.

அடாப்டருக்கு வைத்திருக்கும் காசில் 24 எஃப் 1.7 லென்ஸ் வாங்கு. 135 கிராம். குகைக்கு அதுதான், எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் கூடுதலாக நுழையும். பல இடங்களில் ஸ்டாண்டு வைக்க அனுமதி வாங்கவேண்டும், இருட்டில் கையில்தான் எடுக்கவேண்டியிருக்கும். உட்சுவர் சிற்பத்துக்கு எஃப் 4-ல் 1/30 நொடிக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன், ஏற ஏறப் படத்தில் புள்ளி விழும்) 6400 கேட்கிற வெளிச்சம் என்று வை. எஃப் 1.7-ல் அதே படம் ஐஎஸ்ஓ 1200-க்குள் முடிந்துவிடும். ஆனால் இசட்50 வகையில் பாடிக்குள் நடுக்கம் தடுக்கும் ஏற்பாடு இல்லை, இந்த லென்ஸிலும் இல்லை. அதனால் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டுவிட்டு, தொடர்ச்சியாக மூன்று படம் அடி. அழுத்தும்போதும் விடும்போதும்தான் விரல் ஆட்டும், நடுவில் இருப்பது பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். மனிதர்கள் அசைவார்கள், அவர்களுக்கு 1/125-க்குக் கீழே போகாதபடி ஆட்டோ ஐஎஸ்ஓ-வில் குறைந்தபட்ச ஷட்டரை வைத்துவிடு, உச்சம் 6400.

அந்த லென்ஸைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஹார்ட் டிஸ்கில் முகங்களையும் பிரித்துப் பார்த்தேன். அந்த 4,218-ல் உன் கமலா இருப்பது 23 படத்தில். அதில் 19 படம் 70 மி.மீ.-க்கு மேலே எடுத்தது. எல்லாவற்றிலும் அவள் எங்கேயோ தள்ளிப் பை பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நீ கூப்பிட்டு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. இருபத்தைந்து வருடப் பயணம்டா. 24-ல் ஒரு வசதி, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறாயோ ஏறக்குறைய அத்தனை மீட்டர் உயரம் ஃபிரேமில் அடங்கும். இரண்டு மீட்டரில் ஆள் முழுசாக, ஒரு மீட்டரில் இடுப்புவரை. பேசுகிற தூரம்.

சரி, அடுத்தது. பழைய இசட்50 கிடைத்து அதைத்தான் வாங்குவாய் என்றால், பணம் கொடுக்குமுன் எஃப் 16 வைத்து வெளுத்த வானத்தை ஃபோக்கஸ் இல்லாமல் ஒரு படம் எடு. கணினியில் பெரிதாக்கினால் சென்சார் தூசி கறுப்புப் பொட்டாகத் தெரியும். பொட்டு ஊதினால் போகும், எண்ணெய்க் கறை போகாது. லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பார், ஒட்டடை மாதிரி கிளைத்திருந்தால் பூஞ்சை, தொடாதே. திரையை எல்லாக் கோணத்திலும் மடக்கி விரி, ஏதாவது ஒரு கோணத்தில் மினுங்கினால் உள்ளே ரிப்பன் ஒயர் தேய்ந்திருக்கிறது.

செம்மண் ஊரில் வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதே. ஹம்பியில் மதங்க மலை ஏறும்போது 16-50, பாதாமிக் குகைக்கு 24, மாற்றுவது அறையிலோ காருக்குள்ளோ. ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வியர்க்கும். வருமுன்பே ஜிப் வைத்த பாலித்தீன் கவரில் கேமராவை மூடிவைத்து, வெளியே அரை மணி விட்டால் வியர்வை கவரில்தான் படியும். பேட்டரி மூன்று வை. விமானத்தில் போனால் உதிரி பேட்டரி கைப்பையில்தான் இருக்கவேண்டும், லக்கேஜில் போட்டால் எடுத்து வெளியே வைக்கச் சொல்வார்கள். கழுத்துப் பட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு மணிக்கட்டுப் பட்டை போடு, தோள் நன்றி சொல்லும்.

விருபாட்சர் கோயிலில் பின்பக்கம் ஒரு இருட்டறை உண்டு. சுவரில் இருக்கும் சின்னத் துளை வழியாக ராஜகோபுரத்தின் நிழல் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். லென்ஸ் இல்லை, பேட்டரி இல்லை, எடை பூஜ்யம். அதை ஆட்டோ ஃபோக்கஸில் எடுத்தால் கேமரா குழம்பும். ஃபோக்கஸைச் சுவரின் ஏதாவது கீறலில் பிடித்துப் பூட்டிவிட்டு எடு.

கடைக்குப் போகும்முன் எனக்கு ஒரு போன் போடு, ‘டபுள் ஜூம் கிட், இன்னிக்கு மட்டும் ஆஃபர்’ என்ற வார்த்தைக்கு நீ மயங்குவாய் என்பது ஊரறிந்தது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பாவது வாங்கு, காய்கறிச் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பழகு. ஹார்ட் டிஸ்கைச் சேதுவிடம் கொடுத்தனுப்பப் பயமாக இருக்கிறது, காரணம் உனக்குத் தெரியும். நேரில் வந்து எடுத்துக்கொள். வரும்போது அந்த 70-300-ஐக் கொண்டுவா, இங்கே குளத்தில் நீர்க்காகம் வந்திருக்கிறது.

அன்புடன்,
ராமு