கடாரத்துக்கு வருகிறாய் என்றால்

அன்புள்ள சேகர்,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். மகளுக்கு வேலை கிடைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. நீ டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ராஜேந்திரன் வென்ற கோட்டை எங்கே, துறைமுகம் எங்கே என்று பட்டியல் போட்டு அனுப்பிவிட்டாய். கோட்டையைத் தேடிக்கொண்டு வராதே, ஏமாந்துபோவாய். அந்தக் கடாரம்தான் இன்று மலேசியாவின் கெடா மாநிலம். இங்கே பார்க்க வேண்டியது தண்ணீர் போகும் வழி. இந்த மாநிலம் பிழைத்ததும் நொடித்ததும், இன்று பக்கத்து மாநிலமான பினாங்கோடு மல்லுக்கு நிற்பதும் அதனால்தான்.

வரைபடத்தை விரித்து 6 பாகை வடக்கு அட்சரேகைமேல் விரலை ஓட்டிப் பார். இலங்கையின் தென்முனை, பெரிய நிக்கோபாருக்கும் சுமத்ராவின் அச்சேவுக்கும் நடுவிலுள்ள கடல்வழி, எங்கள் ஜெராய் மலை மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும். மலையின் உயரம் 1,217 மீட்டர்தான். ஆனால் சுற்றிலும் தட்டை நிலம் என்பதால் மாலுமிக்கு வெகு தொலைவிலேயே தெரிந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல், ஊர் திரும்ப வடகிழக்குக் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் தங்குகிறவனுக்குக் கிடங்கும் சோறும் கோயிலும் வேண்டுமே! மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு வளர்ந்தது இப்படித்தான்.

அங்கே புக்கிட் பத்து பகாட் கோயிலைப் பார். கருவறையும் மண்டபமும் உனக்குப் பழகிய அமைப்புதான். ஆனால் கல் எல்லாம் கீழ்த்தளத்தோடு நின்றுவிடுகிறது. மண்டபத் தரையில் தூண் நிறுத்திய அடிக்கற்கள் மட்டும் வரிசையாக இருக்கும். தூணும் கூரையும் மரம், அதனால் மக்கிப் போயின. 2013இல் இன்னொரு கோயிலின் அடித்தளத்தை வீட்டுமனைக்காக இடித்தே தள்ளிவிட்டார்கள். தனியார் நிலம், அரசிதழில் பாதுகாப்பு அறிவிப்பும் இல்லை. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளும் காற்று ஊதிய களிமண் குழாய்த் துண்டுகளும் குவிந்து கிடக்கின்றன. அவை கி.மு. காலத்தவை என்று உள்ளூரில் அடித்துச் சொல்வார்கள். அந்தக் கணக்கை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. அதனால் உடனே முகநூலில் போட்டுவிடாதே. துறைமுகம் என்று காட்ட இன்று ஒன்றும் இல்லை. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் கரையை மேற்கே தள்ளிவிட்டது. மெர்போக் ஆற்றில் மிஞ்சியிருப்பது சேறும் சதுப்புக்காடும்.

பிறகு வந்தது நெல். வான் முகமட் சமான் என்ற முதலமைச்சர் 1885இல் அலோர் ஸ்டாரிலிருந்து குருண் வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். சதுப்பு வடிந்து வயலானது. ஆனாலும் வானம் பார்த்த ஒரு போகம்தான். இரண்டாம் போகம் 1970இல், மூடா பாசனத் திட்டத்தோடு வந்தது. அதன் சூட்சுமம் எனக்கு எப்போதும் பிடிக்கும். மூடா அணைக்கு நீர்ப்பிடிப்புப் பரப்பு பெரிது, தேக்கம் சிறிது. பெடு அணைக்கு நேர்மாறு. இரண்டையும் மலைக்கடியில் 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கத்தால் இணைத்து, ஒன்றில் பெய்ததை மற்றதில் சேமிக்கிறார்கள். சுமார் 1,00,000 ஹெக்டேர் வயலுக்கு இதுதான் உயிர்.

தொல்லையும் அங்கேதான் ஆரம்பம். ஆள் கிடைக்காததால் நாற்று நடவு போய் நேரடி விதைப்பு வந்தது. நடவில் தேங்கி நிற்கும் தண்ணீரே களையை அடக்கும். நேரடி விதைப்பில் முளைக்கும்வரை தண்ணீரை வடித்தாக வேண்டும். அந்த இடைவெளியில் ‘பாடி அங்கின்’ என்ற களைநெல் கிளம்பிவிடுகிறது. சிறு பயிரில் இதையும் நல்ல நெல்லையும் பிரித்தறிய முடியாது. கதிர் வந்தபின் தெரியும்போது மணி உதிர்ந்து மண்ணுக்குள் போயிருக்கும். அறுவடை இயந்திரம் அதை அடுத்த வயலுக்கும் சுமந்து செல்லும். களைக்கொல்லியைத் தாங்கும் நெல்லை 2010இல் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒரே இனம் அல்லவா, மகரந்தம் வழியாக அந்தத் தாங்குதிறன் களைக்கும் போய்விட்டது. உருப்படியான வழி பழையதுதான்: முதலில் தண்ணீர் கட்டி முளைக்கவிட்டு உழுது அழி, பிறகு சுத்தமான விதை போடு. ஆனால் பாசன அட்டவணை நெருக்கினால் அதற்கு நாள் கிடைப்பதில்லை. வருடம் இரண்டு போகமும் நனைந்தே கிடப்பதால் மண் இறுகாமல், அறுவடை இயந்திரம் புதைந்து நிற்பதும் வாடிக்கை.

இதே மூடா ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்துதான் பினாங்கு தன் குடிநீரில் பெரும்பகுதியை எடுக்கிறது. ஆற்றின் மேல்பகுதிக் காட்டை வெட்டாமல் காப்பது நாங்கள், அதற்குக் காசு கொடு என்கிறது கெடா. எங்கள் எல்லையில் ஓடும் ஆற்றுக்கு எதற்குக் காசு என்கிறது பினாங்கு. சண்டையின் வேர் 1786. சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) எதிராக ஆங்கிலேயர் துணை நிற்பார்கள் என்று நம்பி, கெடா சுல்தான் பினாங்குத் தீவை அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட்டிடம் விட்டார். துணை வரவில்லை. 1821இல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்துவிட்டது. தீவுக்கும் எதிர்க்கரை நிலத்துக்குமாகக் கெடாவுக்குக் கிடைத்த ஆண்டுத் தொகை நெடுங்காலம் 10,000 ரிங்கிட்டாகவே நின்றது. என் பார்வையில் கெடாவின் கோரிக்கை நியாயமானது, கேட்கிற விதம்தான் அரசியல். நெல்லுக்கு விலை மத்திய அரசாங்கம் வைப்பது. நெல் விளைப்பதால் மாநிலக் கஜானா நிரம்பாது.

பணம் இப்போது கெடாவின் தெற்கிலுள்ள கூலிம் ஊரில். 1996இல் திறந்த உயர்தொழில்நுட்பப் பூங்காவில் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகள். பினாங்கு விமான நிலையமும் பட்டர்வொர்த் துறைமுகமும் பக்கம் என்பதுதான் அதன் பலம், சண்டைக்காரன் வீட்டு வாசல் வழியாகவே சரக்கு போகிறது. சுற்றிலும் நம்மவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டங்கள் பல செம்பனை எண்ணெய்த் தோட்டங்களாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன.

ஜனவரி, பிப்ரவரியில் வா, மழை குறைவு. செப்டம்பர், அக்டோபர் வேண்டாம். இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும், அலுவலகத்தில் எதையாவது கேட்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள். லங்காவித் தீவுக்கு இரண்டு நாள் போதும். வரும் தேதியை முன்கூட்டியே எழுது, பெடு அணைப் பக்கம் பஸ்ஸை நம்பிப் போக முடியாது, வண்டிக்கு ஏற்பாடு செய்யவேண்டும்.

அன்புடன்,
கோபால்
சுங்கைப் பட்டாணி