இரண்டு கைகளாலும் கொடுக்க வேண்டும்

தேஜான், தென்கொரியா
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். நலமறிய ஆவல். ஏப்ரலில் இங்கு வருவதற்குப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது என்று அப்பா எழுதியதிலிருந்து, இந்த ஊர் நடைமுறைகளை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முற்றிலும் வேறான பழக்கங்களாக இருந்தால் நாமே எச்சரிக்கையாக இருந்துவிடுவோம். இங்கே பல பழக்கங்கள் நம் வீட்டுப் பழக்கம் போலவே தோன்றுவதால்தான் இந்த ஒன்றரை ஆண்டில் நான் பல முறை தடுக்கி விழுந்தேன்.

முதல் தடுக்கல் வீட்டுக்காரப் பாட்டியிடம். வந்த மூன்றாம் நாள், அம்மா கொடுத்தனுப்பிய மைசூர்பாகுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனேன். இடக்கையால் யாருக்கும் எதையும் நீட்டக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறீர்களே! அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் கொடுத்தேன். பாட்டி இரு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். ஆனால் அவருடைய பார்வை ஒரு கணம் என் முதுகுப் பக்கம் போய் வந்தது. மூத்தவருக்கு ஒற்றைக் கையால் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று மறுநாள் ஆய்வகத்தில் உடன் படிக்கும் பெண் விளக்கினாள். இரு கைகளாலும் கொடுக்க வேண்டும், அல்லது வலக்கை நீளும்போது இடக்கையால் வலது முன்கையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குவதற்கும், கைகுலுக்குவதற்கும், பெரியவர் கோப்பையில் ஊற்றுவதற்கும் இதே முறைதான். பாட்டி அந்தப் பொட்டலத்தை என் எதிரில் பிரிக்கவே இல்லை. பிடிக்கவில்லை போலும் என்று அன்றிரவு வருந்தினேன். கொடுத்தவர் முன்னால் பிரிக்காமல் இருப்பதே பழைய கால மரியாதை என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் கொண்டுவருவதையும் அவர் பிரிக்காமல் வைத்தால், அம்மா முகம் வாட வேண்டாம்.

வணக்கம் சொல்லும்போது கைகூப்ப வேண்டியதில்லை. இங்கே கைகூப்புவது பௌத்தக் கோயில் வழக்கம் என்பதால், கடைத்தெருவில் கூப்பினால் உங்களைப் பௌத்த பக்தர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். இடுப்பிலிருந்து சற்றுக் குனிந்தால் போதும்.

அறிமுகமான சிறிது நேரத்திலேயே உங்கள் வயதைக் கேட்பார்கள். நம் ஊரில் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதைப் போன்றதுதான் இது. வயது தெரியாமல் இவர்களால் ஒரு வாக்கியத்தைக்கூட நிம்மதியாக முடிக்க முடியாது. நமக்கு நீ, நீங்கள் என்ற இரண்டு படிகளே போதும். இவர்களுக்கோ எதிரில் இருப்பவரைப் பொறுத்து வினைச்சொல்லின் முடிவு பல படிகளாக மாறும். ஓராண்டு மூத்தவரைக்கூடப் பெயர் சொல்லி அழைக்காமல் அக்கா, அண்ணன் என்றே அழைக்கிறார்கள். அந்த வயதுக் கணக்கும் வேடிக்கையானது: பிறந்த அன்றே ஒரு வயது, பிறகு ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது! 2023 ஜூன் 28 முதல் சட்டத்திலும் அரசுக் காரியங்களிலும் பிறந்தநாளை வைத்து எண்ணும் முறையே செல்லும் என்றாலும், பாட்டி இன்னும் பழைய கணக்கில்தான் தன் வயதைச் சொல்கிறார்.

அம்மா, சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் தொட வேண்டும். சோற்றுக்கும் குழம்புக்கும் கரண்டி, தொடுகறிகளுக்கு உலோகக் குச்சிகள்; கிண்ணத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சாப்பிடக் கூடாது. முன்பொரு நாள் பேச்சு மும்முரத்தில் நான் கரண்டியைச் சோற்றில் நட்டுவைத்தபோது, பாட்டி ஒன்றும் பேசாமல் கையை நீட்டி அதை எடுத்து மேசைமேல் படுக்க வைத்தார். ஜேசா என்ற பெயரில் இவர்கள் செய்யும் திதியில், முன்னோருக்குப் படைக்கும் சோற்றில்தான் கரண்டியை அப்படிக் குத்தி வைப்பார்களாம். கையால் சாப்பிடவே முடியாதா என்று அம்மா கேட்பது எனக்குக் கேட்கிறது. கீரை இலையில் சோற்றையும் காரத் துவையலையும் வைத்து மடித்து வாயில் போடுவதற்குக் கையைப் பயன்படுத்தலாம். கிம்ச்சி என்ற இவர்களுடைய காய்கறி ஊறுகாயில் பெரும்பாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும். அதற்கு வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன்.

ஏப்ரலில் ஆய்வகத் தோழியின் திருமணத்துக்கு உங்களையும் அழைத்திருக்கிறாள். அப்பாவுக்கு அங்கே வீட்டு நினைவு வந்துவிடும், ஏனென்றால் மண்டப வாசலில் மேசை போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் தனித்தனியாக ஆள் அமர்ந்து, உறையை வாங்கிப் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். மொய் நோட்டேதான்! நாம் நூற்றொன்று வைப்பதைப் போல இவர்களும் ஒற்றைப்படையாகவே வைக்கிறார்கள்: 30,000, 50,000, 70,000 வொன், 1,00,000 மட்டும் விலக்கு. உறை வெள்ளையாக இருக்கும், நம் கண்ணுக்கு உறுத்தினாலும் அதுவே முறை. உறையைக் கொடுத்ததும் சாப்பாட்டுச் சீட்டு தருவார்கள். சடங்கு அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். அம்மா அந்த வெள்ளைக் கைத்தறிப் புடவையை மட்டும் கட்ட வேண்டாம், அன்று வெள்ளை மணப்பெண்ணுக்கே உரியது.

மெட்ரோவில் பெட்டியின் ஓரங்களில் முதியோர் இருக்கைகள் இருக்கும். எவ்வளவு நெரிசலிலும் இளையவர்கள் அவற்றில் உட்காருவதில்லை. நீங்கள் தயங்காமல் உட்காரலாம். ஆனால் அப்பா, பெரியப்பாவிடம் பேசும் குரலில் அங்கே கைபேசியில் பேச வேண்டாம்.

கடைசியாக ஒரு செய்தி. பாட்டி உங்கள் இருவர் வயதையும் என்னிடம் கேட்டு வாங்கிவிட்டார். அம்மாவைவிடத் தான் ஒன்பது வயது மூத்தவராம்; ஆகவே அம்மா தன்னை "ஒன்னி" என்று அழைக்க வேண்டும் என்று முடிவே செய்துவிட்டார். பெண்கள் அக்காவை அழைக்கும் சொல் அது. வாயில் வராவிட்டால் அம்மா "அண்ணி" என்றே சொல்லட்டும். காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், பாட்டியும் திரும்பிப் பார்ப்பார்.

உங்கள் அன்பு மகள்