மோர்டன்-இன்-மார்ஷ் பஸ் நிறுத்தத்துப் பெரியவருக்கு நன்றி

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் எங்களுக்கு வழி சொன்ன உங்கள் பெயரைக் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது, ஐயா. மனமார்ந்த நன்றி.

"போர்டன்-ஆன்-த-வாட்டர் கிராமத்தோடு திரும்பிவிடாதீர்கள், பக்கத்துக் கிராமமான லோயர் ஸ்லாட்டருக்கு நடந்தே போங்கள்" என்றீர்கள். போனோம். தனியார் நிலமானாலும் பொதுப் பாதையில் யாரும் நடக்கலாம், மஞ்சள் அம்புக்குறியைப் பின்தொடருங்கள், கேட்டை இருந்தபடியே விட்டுவிடுங்கள் என்று நீங்கள் சொல்லியிராவிட்டால் ஆடுகள் மேயும் அந்த வயலுக்குள் கால் வைக்கவே தயங்கியிருப்போம்.

அப்புறம் ஐ என்ற சிற்றாறு, கரையோரம் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், பழைய மில். எவ்வளவு அழகு! அம்மா ஆற்றோரம் உட்கார்ந்தவர் எழவே மனமில்லாமல் இருந்தார்.

திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே பார்க்கச் சொன்னீர்களே, காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களுக்குப் போகும் எல்லோருக்கும் இப்போது அதைத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் கவனம் தேவை.