ஊசியைப் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பணம் வந்தது. "தோள் வலிக்குப் போடுற ஊசியைப் பத்து சிட்டிங்கும் முழுசா முடிச்சுடும்மா, நரம்பு சரியாயிடும்"னு சொன்னாயே, அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் பேசினால் நீ அழுதுவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆடி மாதம் வைரல் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். காய்ச்சல் விட்டுப் பத்து நாள் இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு வலது தோளில் யாரோ இரும்பைக் காய்ச்சி வைத்த மாதிரி வலி, மாரடைப்போ என்று பயந்து அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். ஈசிஜி சரியாகத்தான் இருந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் வலி குறைந்தது, ஆனால் கரும்பலகையில் தேதி எழுதக் கை மேலே போகவில்லை. முதலில் பார்த்த டாக்டர் தோள் இறுகிப்போச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதில்தான் ஒன்றரை மாதம் வீணானது, எனக்கு இன்னும் ஆறவில்லை. தோள் இறுகியிருந்தால் அடுத்தவர் தூக்கினாலும் கை போகாது. என் கையை அப்பா தூக்கினால் காது வரைக்கும் போகும், நானாகத் தூக்கினால்தான் போகாது. இந்த ஒரு வித்தியாசத்தை யாராவது அன்றைக்கே பார்த்திருக்கலாம்.

நரம்பு டாக்டர் என்னைச் சுவரைத் தள்ளச் சொன்னார், முதுகில் தோள்பட்டை எலும்பு றெக்கை மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. அப்புறம் இஎம்ஜி எடுத்தார்கள், தசைக்கு நரம்பு வழியாகச் சேதி சரியாகப் போகிறதா என்று பார்க்கிற சோதனை. பார்சனேஜ்-டர்னர் என்று சீட்டில் எழுதியிருக்கிறது, 1948இல் 136 பேரிடம் இதைப் பார்த்து எழுதிய இரண்டு ஆங்கிலேய டாக்டர்களின் பெயராம். கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தோளுக்குப் போகிற நரம்பையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது என்று விளக்கினார்.

சரி, ஊசிக்கு வருகிறேன். டிரை நீட்லிங் என்றால் மருந்தே இல்லாத மெல்லிய ஊசி. தசையில் முடிச்சு விழுந்த இடத்தில் பிசியோ தம்பி குத்துவார், தசை ஒரு துடி துடித்து அடங்கும். என் விஷயத்தில் நரம்பு கெட்டு விலாப் பக்கத்துத் தசை வேலை செய்யாததால் கழுத்துத் தசைகள் அதன் சுமையையும் சேர்த்து இழுத்து இழுத்துக் கல்லாகிவிட்டன. ஊசி போட்டது அந்தக் கழுத்துக்குத்தான். நான்கு முறை போட்டேன், ராத்திரி தூக்கம் வருகிறது, தலையைத் திருப்ப முடிகிறது. அது பொய்யில்லை. ஆனால் செத்த நரம்பை ஊசி எழுப்பாது கண்ணு. நரம்பு தானாக வளர வேண்டும், நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தான், மாதத்துக்கு ஓர் அங்குலம். கழுத்திலிருந்து விலாவுக்கு எவ்வளவு தூரம் என்று உன் விரலால் அளந்து பார், ஏன் மாதக்கணக்காகிறது என்று புரியும். சிலருக்கு இரண்டு மூன்று வருஷம்கூட ஆகுமாம்.

அதனால் மீதி ஆறு சிட்டிங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழுத்து மறுபடி இறுகினால் போய்ப் போட்டுக்கொள்வேன். முதல் நாளே நான் கேட்டுவிட்டேன், கீழே நுரையீரல் இருக்கிறதே தம்பி என்று. அவர் தசையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துத்தான் குத்தினார், ஊசியும் ஒவ்வொரு முறையும் உறை பிரித்த புதுசு. ஊசி போட்ட பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். உன் மாமியார் முதுகுவலிக்கு இதைப் போடப் போவதாகச் சொன்னாயே, அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், குத்துவதற்கு முன்னால் அதை மறக்காமல் சொல்லச் சொல்.

தினமும் படுத்துக்கொண்டு கையை மேலே நீட்டி, கூரையைத் தள்ளுகிற மாதிரி ஒரு பயிற்சி. களைத்துப்போகும் வரை செய்யக் கூடாது என்று கண்டிப்பு, அதைத்தான் நான் அடிக்கடி மீறுகிறேன், இனி மீறமாட்டேன். போன வாரம் கோலத்துக்கு வைத்திருக்கிற மாவு டப்பாவை நடு அலமாரியிலிருந்து வலது கையால் எடுத்தேன். அப்பாவைக் கூப்பிட்டு இன்னொரு முறை எடுத்துக் காட்டினேன்.

பொங்கலுக்கு லீவு சொல்லிவிட்டாயா? வெண்கலப் பானை பரண்மேல் இருக்கிறது, நீ வந்துதான் இறக்க வேண்டும்.

அம்மா